பாதி முற்றத்து மழை

தங்கக்கனி தன் வீட்டுக்கு இரண்டாவது நாயைக் கூட்டி வந்தது வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் முற்றத்தில் பாதிக்கு மழையும் பாதிக்கு வெயிலுமாக இருக்க ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான், மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்காகச் சட்டியோடு நான் மதில் ஓரமாக நின்றிருந்ததும் அப்போதுதான் என்பதால், நடந்ததை என்னைவிடச் சரியாகச் சொல்ல இந்த உப்பளக் காலனியில் வேறு ஆள் கிடையாது. என் பெயர் சூசையம்மாள். கருவாடு போடுகிறவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான், அதற்கு மேலாகத்தான் பதினைந்து வருடமாக நாங்கள் குழம்பும் கொடுத்துக்கொண்டோம், ஊர்வம்பும் கொடுத்துக்கொண்டோம்.

தங்கக்கனி உப்பு வாருகிறவள். விடியுமுன்னே அளத்துக்குப் போய், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள். மும்பைக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன் போனவன்தான், அவன் பஸ் ஏறிய வாரத்தில் வாசலில் வந்து படுத்த குட்டிக்குத்தான் பவுனு என்று பெயர் வைத்தாள், அன்று முதல் பத்து வருடமாக அவளுக்குப் பிள்ளை, காவல், பேச்சுத் துணை எல்லாம் அந்தப் பழுப்பு நாய்தான். தட்டில் சோறு போட்டால் முதல் உருண்டை பவுனுக்குப் போகும், இரண்டாவதுதான் அவள் வாய்க்கு. நானும் கேலி செய்யாத நாளில்லை. "அந்தாளு இருந்திருந்தாக்கூட இம்புட்டு கவனிச்சிருக்க மாட்ட ஏளா" என்பேன். அவளும் சிரிப்பாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் வெள்ளம் வந்தது. உப்பளமும் காலனியும் ஒரே கடலாகிப்போன மூன்றாம் நாள், மீன்பிடிக்கிற பையன்கள் இரண்டு பேர் ஃபைபர் வள்ளத்தைக் கொண்டுவந்து எங்களை ஐஸ் ஃபேக்டரி மாடியிலிருந்து இறக்கினார்கள். அன்றைக்குத் தங்கக்கனிக்குக் கொதிக்கிற காய்ச்சல், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தாள், பவுனு அவள் காலடியில், நான் முன்பக்கம். அளத்து மோட்டார் ரூமின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, அதன் மேல் ஒரு நாய் நின்றது. வெள்ளை நாய், இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். வள்ளம் கிட்டே போனது, பிறகு தள்ளிப் போனது. தங்கக்கனி நாயின் ஊளையைக் கேட்டுத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது கூரை தூரத்தில் சிறுத்துக்கொண்டிருந்தது. "ஏக்கா, அத ஏன் ஏத்தல?" என்று கேட்டாள். பவுனு அதைப் பார்த்து உறுமிற்று, கடித்துக் குதறிவிடும் போலிருந்தது, அதனால்தான் வள்ளத்தைத் தள்ளச் சொன்னோம் என்று நான் சொன்னேன். அவள் பவுனைப் பார்த்தாள். அதன் பக்கத்திலிருந்து காலை இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் வெள்ளம் வடிந்தது, எல்லாம் பழையபடி ஆயிற்று, அவளுக்கு மட்டும் அந்தக் கூரை வடியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் நாய்களைப் பராமரிக்கிற இடங்களுக்குப் பஸ் ஏறிப் போய்விடுவாள். அப்படித்தான் ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில், வெள்ளத்தில் பிழைத்த நாய்களின் நடுவே, அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்தாள். அங்கே அதற்கு டிசம்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

காப்பகத்தில் வேலை பார்க்கிற மெர்லின் என்கிற பெண்தான் வேனில் கூட வந்தாள். பழைய நாய்க்குப் புது நாயைக் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறதாம், கல்யாணப் பேச்சு மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முதலில் இரண்டையும் பொதுவான இடத்தில், ஆளுக்கொரு கயிற்றில், பக்கத்துப் பக்கத்தில் நடக்க விடவேண்டும். இது படுத்த சாக்கில் அதையும் அது படுத்த சாக்கில் இதையும் படுக்க வைக்கவேண்டும். சோற்றுத் தட்டை ஆளுக்கொரு மூலையில் வைத்து, நாளுக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்தவேண்டும். "முக்கியமா கயித்த இறுக்கிப் பிடிக்காதீங்க ஆன்ட்டி. உங்க பயம் கயிறு வழியா அதுக்கு எறங்கிரும்" என்றாள்.

லாரி நிற்கிற பொட்டலில் இரண்டும் ஒழுங்காகத்தான் நடந்தன. வீட்டு வாசலுக்கு வந்ததும் தங்கக்கனிக்கு அந்தக் கூரை ஞாபகம் வந்திருக்கவேண்டும். பவுனின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கினாள். பவுனு அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது, புது நாயைப் பார்த்தது, அடித்தொண்டையிலிருந்து உறுமியது, உடனே டிசம்பர் நின்ற பக்கம் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை. வெள்ளத்தன்று பெய்த அதே மழை, அதே சத்தம், அதே கனம். பவுனு நின்ற பக்கம் வெயில் இருமடங்காகக் காய்ந்தது. நடுவில் வரப்புப் போட்ட மாதிரி நேர்கோடு. மேலே ஒரு மேகம் கிடையாது.

தங்கக்கனி ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்தாள். மெர்லின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் நாளாகும் ஆன்ட்டி, அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி மழைத் தண்ணீரில் இரண்டு மடக்குப் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். தேங்காய்த் தண்ணீர் தோற்றது.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. இங்கே எத்தனை அடி போர் போட்டாலும் வருவது உப்புத்தான், ஆறு நாளைக்கு ஒரு தரம் வருகிற லாரியின் பின்னால் குடத்தோடு ஓடித்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மூட்டு தேய்ந்தது. மறுநாள் ஏழு குடம் வந்தது, அதற்கு மறுநாள் நாற்பது, அந்த வாரக் கடைசியில் குடத்துக்குப் பதிலாகக் கல்லை வைத்து இடம் பிடிக்கிற அளவுக்கு வரிசை தெருமுனை தாண்டியது. கோயில் ஆட்கள் அம்மன் என்றார்கள், எங்கள் ஆட்கள் மாதா என்றார்கள், அதில் சண்டை வரவில்லை, சண்டையெல்லாம் வரிசையில்தான் வந்தது. டீக்கடையில் டீ டீயாக இருந்தது. பருப்பு வெந்தது. பிள்ளைகளுக்குத் தலைமுடி சிக்கில்லாமல் சீவ வந்தது. பவுனு பக்கத்து வெயிலை நான் எடுத்துக்கொண்டேன், என் வீட்டில் ஐஸ் ஃபேக்டரி மதில் மறைத்து வெயில் சரியாக விழாது, அவள் முற்றத்தில் காலையில் பரப்பிய நெத்திலி மதியத்துக்குள் கலகலவென்று காய்ந்தது. தங்கக்கனி யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லதுதானேக்கா, நாலு பேருக்கு ஒதவட்டும்" என்றாள். ஆனால் அவள் கண்ணெல்லாம் நாய்கள் மேல்தான் இருந்தது.

முற்றம் நாற்பது சாண் நீளம். இந்தக் கோடியில் பவுனின் தட்டு, அந்தக் கோடியில் டிசம்பரின் தட்டு, தினம் அளத்திலிருந்து வந்த கையோடு குனிந்து விரலை விரித்து அளந்து ஒரு சாண் நகர்த்துவாள். பத்து நாள் ஆனது. உறுமல் குறைந்தது, உறுமல் குறையக் குறைய மழையும் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் பவுனு சாப்பிடுகிறபோது ஒரே ஒரு தரம் வாலை அசைத்தது, அன்றைக்கு ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று.

வரிசையில் பேச்சு மாறிற்று. "ரெண்டும் சேந்துட்டா தண்ணி?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் முற்றத்துத் தட்டுகளைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் தங்கக்கனி அளத்தில் இருக்கும்போது நான் மதிலைத் தாண்டிப்போய் டிசம்பரின் தட்டை இரண்டு சாண் பின்னுக்கு வைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, நான்தான் வைத்தேன். மழை பலத்தது. அடுத்த நாளும் வைக்கலாமென்று போனால் எனக்கு முன்னாலேயே யாரோ நாலு சாண் தள்ளியிருந்தார்கள். அப்படி ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி ஒருநாள் தட்டு மதிலிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. தங்கக்கனி வந்து பார்த்துவிட்டு விரலை விரித்து விரித்து அளந்தாள். "எனக்குத்தான் கணக்கு தப்புதோ, அக்கா?" என்று என்னைக் கேட்டாள். வெயிலில் நின்று நின்று தலை சுற்றியிருக்கும், மோர் குடி என்றேன்.

ஆடியில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, எங்கள் தெருவுக்கு இனித் தண்ணீர் லாரி தேவையில்லை, பக்கத்துத் தெருவுக்கே கொடுத்துவிடலாம் என்று நாற்பத்து மூன்று வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம், பெருந்தன்மையாக. இன்னொன்று, அளத்து மேஸ்திரி தவசிமுத்து வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு தண்ணி வீணா ஓடுதே, இதென்ன நமக்குத் தெரியாத வேலையா? ஒரு பாத்தி கெட்டிருவோம்" என்றார். உப்பளத்து ஆட்களுக்கு வெறுந்தரையைப் பார்த்தால் வரப்புப் போடாமல் இருக்க முடியாது. பத்துப் பேர் களிமண் கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்து, முழங்காலுக்கு மேலே வரப்புக் கட்டி, மழைப் பக்கம் பூராவையும் ஒரு பாத்தியாக்கிவிட்டார்கள். கடல் தண்ணீரைத் தேக்கியே பழகின கைகள், நல்ல தண்ணீரைத் தேக்குகிறோம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். தண்ணீர் சாயங்காலத்துக்குள் ததும்பி நின்றது. டிசம்பர் என்ன செய்யும், நடுவில் இருந்த துவைகல்லின் மேல் ஏறி நின்றுகொண்டது.

அடுத்த நாள் மதியம் தங்கக்கனி திரும்பி வந்தாள். பூட்ஸைக் கீழே போட்டாள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் கல், கல்லின் மேல் நனைந்துகொண்டு அந்த நாய். குடத்தோடு நின்ற இருபது பேருக்கு அது ஒரு நாய், அவ்வளவுதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கி மாதிரியே நிக்கிதுக்கா" என்றாள்.

பாத்தியில் அவள் வைத்த சோற்றுத் தட்டு மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் வெயிலில் பவுனு, என் நெத்திலிக்குப் பக்கத்தில், மூன்று நாளாகச் சோறு தொடாமல் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

அவள் இரண்டு நாள் யோசித்தாள், எவ்வளவு கூப்பிட்டும் டிசம்பர் கல்லை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதில் பக்கம் வந்து, "மெர்லினுக்குப் போன் பண்ணிட்டேன். பவுனக் கொண்டு போகட்டும்" என்றாள்.

"ஏளா, பவுனையா? ஒனக்கென்ன கிறுக்கா?"

"பின்ன யார அனுப்ப? ரெண்டாவது தடவையும் டிசம்பரையே விட்டுட்டு வரச் சொல்லுதியளா? அன்னைக்கி வள்ளத்துல தொரத்துனது பவுனுதானக்கா. பாவம் செஞ்சது அது. நான் பெத்த பிள்ள செஞ்சிருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்." அவள் பவுனு படுத்திருந்த பக்கம் திரும்பினாள். "வாசல்ல வந்து படுத்த நாளுலேர்ந்து ஒரு ராத்திரி நான் அத விட்டுத் தூங்குனதில்ல."

தெரு முழுக்கக் கூடிவிட்டது. பவுனு போனால் உறுமுவது யார், உறுமாவிட்டால் மழை எங்கே? தவசிமுத்து, "நாயி விசயத்துல இப்படியெல்லாம் கோவப்படலாமாம்மா, பழகப் பழகச் சரியாப் போகும்" என்று நயமாகச் சொன்னார், பழகவிடாமல் தட்டைத் தள்ளியதில் அவர் கையும் உண்டு. அவள் யார் சொன்னதையும் கேட்கவில்லை.

வேன் வந்தது. மெர்லின் கதவைத் திறந்தாள். தங்கக்கனி பவுனின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பவுனு வேனைப் பார்த்தது, திரும்பித் துவைகல்லைப் பார்த்தது, பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. இப்படியும் அப்படியும், மெதுவாக, கூப்பிடுகிற மாதிரி.

அந்த ஆட்டலை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

"தங்கம், நில்லு" என்றேன். "அன்னைக்கி பவுனு உறுமல."

அவள் திரும்பினாள்.

"வாலத்தான் ஆட்டுச்சி. அந்த நாயும் குதிக்கத் தயாராத்தான் நின்னுச்சி. அது ஏற வேண்டிய எடத்துல என் மூட்ட இருந்துச்சி. மூட்டையக் கீழ போடுங்கன்னு வள்ளக்காரப் பையன் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன். நாயி கடிச்சிக்கிடும், தள்ளுலேன்னு சொன்னது நான்தான்."

இருபது குடமும் நாற்பது கண்ணும் அசையாமல் நின்றன. மழை மட்டும் பெய்தது.

"மூட்டைல என்ன இருந்துச்சி?" என்று கேட்டாள் தங்கக்கனி.

"கருவாடு."

"எத்தன மூட்ட?"

"ரெண்டு."

"நனஞ்சு நாறிப்போச்சின்னு கரைக்கு வந்ததும் கொட்டிட்டியளேக்கா அத" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் பிறகு என்னோடு பேசவே இல்லை. குனிந்து பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை வருடமாக அதை ஓரக்கண்ணால் பார்த்ததற்கெல்லாம் சேர்த்து அழுதாள். கயிறு தானாக அவள் கையிலிருந்து நழுவியது.

பவுனு கயிற்றை இழுத்துக்கொண்டே நடந்து போய், வரப்பில் ஏறி, தண்ணீரில் இறங்கி, வயதான கால்களால் துழாவித் துழாவிக் கல்லருகே போனது. ஒன்றரை நாய்க்கு மட்டும் இடமிருந்த கல். டிசம்பர் ஒடுங்கி ஓரத்துக்கு நகர்ந்தது. பவுனு முன்னங்காலை வைத்தது, ஏற முடியவில்லை, டிசம்பர் அதன் காதை ஒரு தரம் மோந்தது. மழை நின்றது. அந்தப் பக்கத்து அதிக வெயிலும் தணிந்து ஊர் வெயிலாயிற்று.

மெர்லின்தான் முதலில் பேசினாள். "நான் சொன்னேன்ல ஆன்ட்டி, கயித்த விட்டாப் போதும்."

அன்றைக்கே தங்கக்கனி மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினாள், தேங்கிய நல்ல தண்ணீரெல்லாம் தெருவில் ஓட நாங்கள் அள்ளினது போக மீதியை மண் குடித்தது. லாரியைத் திரும்பக் கேட்க ஆபீசுக்குப் போனவர்களிடம், வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார்கள். தெருவில் என்னிடம் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வள்ளத்தில் நாயை விட்டுவிட்டு வந்ததற்காக இல்லை, அதைச் சொன்னதற்காக.

நாலாம் நாள், வெறுங்குடத்தோடு அவள் வாசலைத் தாண்டிப் போனேன். இரண்டு நாயும் ஒரே சாக்கில் படுத்திருந்தன. பவுனு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. குட்டியிலிருந்து என் கையில் மீன் தலை தின்று வளர்ந்த நாய். அன்றைக்கு வள்ளத்தில் உறுமாத அந்த நாய், என்னைப் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து உறுமியது.

வீட்டுக்கு வந்தால் என் முற்றத்தில் மழை. காயப்போட்டிருந்த சாளை மீனெல்லாம் மிதந்தது. நான் கதவைத் திறந்து வைப்பதற்குள் முதல் குடம் வந்துவிட்டது. மழை எந்த வீட்டில் பெய்தால் என்ன, தவசிமுத்து மறுநாளே களிமண்ணோடு ஆட்களைக் கூட்டிவந்து என் முற்றத்தில் பாத்தி கட்டினார். இப்போது எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள், அன்பாகத்தான் பேசுகிறார்கள். கருவாடு ஒன்றுகூடக் காய்வதில்லை, சுவரெல்லாம் பூசணம் பூத்துவிட்டது, பாயை முறுக்கிப் பிழிந்துவிட்டுத்தான் படுக்கிறேன். அவளிடம் குழம்பு கொண்டு போனால் வாங்குவதில்லை. மதில் மேல் வைத்துவிட்டு வந்தால் மறுநாளும் அங்கேயே இருக்கிறது.

அதனால் மெர்லின் சொன்ன முறையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். உப்புப் போடாமல் மீனை அவித்து, முள் எடுத்து, ஒரு தட்டில் என் வாசலில் வைத்தேன். அங்கிருந்து அவள் வாசலுக்கு அறுபது சாண். தினம் ஒரு சாண் நகர்த்துகிறேன். தங்கக்கனி பார்க்கிறாள், பேசுவதில்லை, ஆனால் தட்டை எடுத்து எறியவும் இல்லை. பவுனுக்கு வயதாகிவிட்டது, அறுபது நாள் தாங்குமா என்றுதான் எனக்குப் பயம். பதினேழாவது சாணில் வைத்தபோது அது தலையைத் தூக்கி உறுமவில்லை, கண்ணை மட்டும் திறந்து பார்த்தது, அன்றைக்கு என் வீட்டில் மழை கொஞ்சம் இளைத்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தட்டு ஒன்பது சாண் பின்னால் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து, விரலை விரித்து, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன்.